இரண்டு சங்கங்கள் ஒன்றான வரலாறு

ஜெர்மனி வாழ் தமிழ்ப் பெருமக்களுக்கும், ஐந்து கண்டங்களிலும் பரந்து வாழும் எமது கல்லூரியின் பழைய மாணவர்களுக்கும், நலன்விரும்பிகளுக்கும், நாளை வரலாறு எழுதப்போகிறவர்களுக்கும் இத்தால் அறியத்தருவது: பதினெட்டு ஆண்டுகளாகப் பிரிந்து நின்ற தாய்ச் சங்கமும் பழைய மாணவர் ஒன்றியமும் ஒன்றிணைவதற்கான முதலாவது உத்தியோகபூர்வச் சந்திப்பு, டோட்முண்ட் மாநகரில், இரு தலைவர்களினதும் பங்கேற்புடன், பொன்னாடை போர்த்தி, இனிதே நடந்தேறியது.

இந்த அறிக்கையைத் தாய்ச் சங்கத்தின் தலைவர் சிற்றம்பலம் தாமே எழுதி, சனிக்கிழமை பின்னேரம் எல்லா வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பினார். சந்திப்பு நடந்தது ஒரு மருத்துவமனையில் என்பதையும், இனிச் சுகப்படுத்த ஏலாதவர்களை நோகாமல் வைத்திருக்கும் பிரிவு அது என்பதையும் அவர் எழுதவில்லை. மற்றத் தலைவர் படுக்கையில் கிடந்தார் என்பதையும் எழுதவில்லை. அறிக்கைக்கென்று ஒரு அழகு இருக்கிறது.

மற்றத் தலைவர் யோகலிங்கம். ஊரில் கல்லூரி விடுதியில் இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஜெர்மனிக்கு வந்து அகதிகள் விடுதியில் மேல் கட்டிலும் கீழ்க் கட்டிலும். முதல் குளிர்காலத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜாக்கெட்தான் இருந்தது. ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போனால் மற்றவர் யன்னலில் நின்று, வழியில் கதைத்துக்கொண்டு நில்லாமல் கெதியில் வரச்சொல்லிக் கத்துவார். பின்னாளில் சங்கத்தைத் தொடங்கியதும் இவர்கள்தான். சிற்றம்பலம் தலைவர், யோகலிங்கம் செயலாளர். பழைய மாணவர்களின் பிணைப்பை என்றென்றும் பேணுவது என்பது சங்க விதிகளான யாப்பின் முதலாம் பிரிவு. அதை இருவரும் சேர்ந்தே எழுதினார்கள்.

பிணைப்பை அறுத்தது ஒரு குத்துவிளக்கு. கல்லூரியின் நூற்றாண்டு விழாவுக்கு எடுத்த மண்டபத்தில் நெருப்பு மூட்டக்கூடாது என்றுவிட்டார் மண்டபப் பொறுப்பாளர். கூரை முழுக்கப் புகையை மோப்பம் பிடிக்கும் கருவிகள். ஆகவே பற்றரியில் எரியும் விளக்கு ஒன்று வாங்கினார்கள். பிரதம விருந்தினர் வருமுன் அது வேலை செய்கிறதா என்று யோகலிங்கம் சுவிச்சை ஒருக்கால் அமத்திப் பார்த்தார். ஐந்து முகமும் எரிந்தன. சனம் விழா தொடங்கிவிட்டதென்று கைதட்டியது. முதற்சுடர் ஏற்றுவது தலைவரின் உரிமை. சிற்றம்பலம் ஒலிவாங்கியிலேயே விளக்கம் கேட்டார். யோகலிங்கம் விளக்கை நூத்துவிட்டு, "இந்தா, நீ கொளுத்து," என்றார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து பிறந்ததுதான் பழைய மாணவர் ஒன்றியம்.

பிறகு ஆளுக்கொரு ஒன்றுகூடல், ஆளுக்கொரு நிறத்தில் கழுத்துப்பட்டி. ஒரே நகரத்தில், ஒரே தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு, பதினெட்டு வருடம் இருவரும் கதைக்கவில்லை. மனைவிமார் மட்டும் பிரியவில்லை. அவர்களுக்கு யாப்பு ஒன்றும் இருக்கவில்லை. அதனால்தான் யோகலிங்கத்துக்குக் கணையத்தில் புற்று என்ற செய்தி, அவர் மனைவி மங்கையற்கரசியின் தொலைபேசி வழியாக ஜெயமலருக்கும், சோறு போடும்போது ஜெயமலர் வாயிலாகச் சிற்றம்பலத்துக்கும் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. யோகலிங்கம் சிற்றம்பலத்தைப் பார்க்கவேணும் என்று கேட்கிறாராம்.

சிற்றம்பலம் சோற்றை அளைந்துகொண்டிருந்தார். கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அவர். அடுத்த நாள் முழுக்க, பெட்டிகளைத் தூக்கி இறக்கும்போதெல்லாம், சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பெரிதாக ஒன்றுமில்லை. அந்த விளக்கில ஒண்டுமில்லையடா மச்சான், அவ்வளவுதான். ஆனால் சொல்லிப் பார்க்கப் பார்க்க அது மிகவும் சின்னதாகத் தெரிந்தது. பதினெட்டு வருடத்துக்கு இது காணுமா? வெறுங்கையோடு போய் ஒரு கட்டிலடியில் நின்று இதைச் சொல்லுகிற ஆள் எப்படி இருப்பான் என்றே அவருக்கு மறந்துபோயிருந்தது. தலைவராகப் போவதென்றால் தெரியும். என்ன உடுப்பது, எங்கே நிற்பது, எந்தச் சொல்லில் தொடங்குவது எல்லாம் தெரியும்.

எனவே நிர்வாகசபை கூட்டப்பட்டது. தலைவர் போனால் ஒன்றியத்தை அங்கீகரித்ததாகிவிடும் என்றது சபை. நல்லிணக்கத் தூதுக்குழுவாகப் போனால் அப்படி ஆகாது என்றும் கண்டுபிடித்தது. பொன்னாடை, வாழ்த்து மடல், படம் எடுக்கச் செயலாளர் யூட். மடலை அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட ஒரு கிழமை எடுத்தது.

"சிநேகிதனைப் பாக்கப் போக உங்களுக்குக் கூட்டம் கூட்டவேணுமோ?" என்று கேட்டார் ஜெயமலர். "அந்தாள் கட்டிலில கிடக்குது. நீங்கள் யாப்புப் பாத்துக்கொண்டு இருங்கோ."

அது கணவருக்குச் சொன்னது. தலைவர் கழுத்துப்பட்டியைத் தேடப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் கோட், சூட், சிவப்புக் கழுத்துப்பட்டியோடு தூதுக்குழு போய் இறங்கியது. தாதி சாண்ட்ரா பொன்னாடையையும் சட்டத்தையும் பார்த்துவிட்டு, பிறந்தநாளா என்று சந்தோசமாகக் கேட்டாள். ஓம் என்றார் யூட், விளங்கப்படுத்த நேரமில்லாமல்.

கட்டிலில் கிடந்தவரை முதலில் சிற்றம்பலத்துக்கு மட்டுக்கட்ட முடியவில்லை. மீசை இருந்தது. மீசைக்குப் பின்னால் ஆள் இல்லை. கண் திறந்து, இவரைக் கண்டு, அந்த முகம் ஒரு பொடியனுடையதைப் போல விரிந்தது.

"ஆர், சிற்றமே?" என்றார் யோகலிங்கம். "தனியவோ வந்தனி?"

சிற்றம்பலம் வாய் திறந்தார். பண்டகசாலையில் சொல்லிப் பார்த்த அந்த ஒரு வரி நாக்கின் நுனியில்தான் நின்றது.

"அண்ணை, உதில வெளிச்சம் காணாது," என்றார் பின்னாலிருந்து யூட். "கொஞ்சம் யன்னல் பக்கமா வாங்கோ."

யோகலிங்கம் யூட்டைக் கண்டார். யூட்டின் கையிலிருந்த தொலைபேசியைக் கண்டார், பொன்னாடையைக் கண்டார். விரிந்த முகம் மெல்லச் சுருங்கி ஒழுங்குக்கு வந்தது. மனைவியைப் பார்த்துக் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். மங்கையற்கரசி அலுமாரியைத் திறந்து, ஒன்றியத்தின் நீலக் கழுத்துப்பட்டியை எடுத்து, மருத்துவமனைச் சட்டைக்கு மேலே கட்டிவிட்டார்.

"தாய்ச் சங்கத்தின் தலைவர் அவர்களை," என்று தொடங்கிய யோகலிங்கம் மூச்சு வாங்கினார், "ஒன்றியத்தின் சார்பிலே வரவேற்கிறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. சிற்றம்பலம் வாழ்த்து மடலை வாசித்தார். அதில் கல்வித்தாய் வந்தாள், புலம்பெயர் மண் வந்தது, காலத்தின் கட்டாயம் இரண்டு இடத்தில் வந்தது. விளக்கு வரவில்லை. யோகலிங்கம் கண்ணை மூடிக் கேட்டார், முடிந்ததும் பதிலுரையாக நன்றி சொன்னார். பொன்னாடை போர்த்தியபோது அதன் பாரத்துக்கே தோள் இறங்கியது. கடைசியாக ஒரு கைகுலுக்கல் வேணும் என்றார் யூட். கை கொடுத்தார்கள். யூட் இரண்டு மூன்று படம் எடுத்துவிட்டு, சரி அண்ணை என்றதும் சிற்றம்பலம் கையை எடுத்துக்கொண்டார். மற்றக் கை விடாமல் கொஞ்சம் கூடவே வந்தது. பிறகு போர்வையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து அறிக்கையை அனுப்பினார். பெருவிரல்களும் கைகூப்பல்களும் வந்து குவிந்தன. சிற்றம்பலம் அவற்றைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கை கூடவே வந்தது படத்துக்காக இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை, இணைப்பு விழாவுக்கு மண்டபமும் ஸ்பீக்கர்காரனும் பிடிக்க நாள் கேட்டு நாலைந்து பேர் தொலைபேசி எடுத்தார்கள். திங்கட்கிழமை வேலை முடிந்ததும், உடுப்பு மாற்றாமல், பண்டகசாலைச் சப்பாத்தோடு ட்ராம் பிடித்தார். வழி முழுக்க அந்த ஒரு வரியைத்தான் வைத்திருந்தார். இப்போது அது சின்னதாகத் தெரியவில்லை.

கட்டிலில் புதுவிரிப்புப் போட்டிருந்தது. மங்கையற்கரசி கதிரையில் இருந்து கணவரின் சாமான்களை ஒரு பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். விடியக்காலமை என்றார். வலி இருக்கவில்லை என்றார். ஜெயமலருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னதாகவும், நீங்கள் வேலையில் தொலைபேசி பார்க்கிறதில்லை என்று அவர் சொன்னதாகவும் சொன்னார். சிற்றம்பலம் வாசலிலேயே நின்றார்.

"நீங்கள் போனாப் பிறகு ஒரே கேள்விதான்," என்றார் மங்கையற்கரசி, பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிற்றம் எப்ப வருவான், சிற்றம் எப்ப வருவான் எண்டு. இப்பதானேயப்பா வந்திட்டுப் போறார் எண்டன்."

"என்ன சொன்னவன்?"

"அது தலைவர் எண்டார்."

சிற்றம்பலம் பையைத் தூக்கிக் கொடுக்கக் கையை நீட்டினார். பாரமில்லை, நானே கொண்டுபோவன் என்று மங்கையற்கரசி எழுந்தார்.

அடுத்த மாதம் இரண்டு சங்கங்களும் ஏகமனதாக ஒன்றிணைந்தன. மொத்த உறுப்பினர்கள் ஒன்பது பேர்.