பாலம் நகராது

பதினான்காம் தாளில் ஒரு தேநீர்க் கறை இருந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு நில அளவையாளர் அசந்து வைத்த கோப்பை. கால்வாய்க்கு நடுவில் வட்டமாக உட்கார்ந்திருந்த அதைக் குளம் என்று நினைத்து அவள் சுற்றிக் கோடு இழுத்துவிட்டாள். பெரிதாக்கிப் பார்த்த பிறகு தன்னைத் தானே திட்டிக்கொண்டு அழித்தாள்.

அவளுக்கு இதுதான் வேலை. கையால் வரைந்த பழைய நில வரைபடங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். அவற்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தி உட்கார வைக்க வேண்டும். அன்றைக்கும் இருந்து இன்றைக்கும் இருக்கிற இடங்களைத் தேடிப் பிடித்து, இதிலும் ஒரு புள்ளி, அதிலும் ஒரு புள்ளி என்று வைத்தால், கணினி பழைய தாளை இழுத்துத் திருப்பிப் பொருத்திவிடும். பொருத்தியதில் எவ்வளவு பிசகு என்று கீழே ஒரு எண் வரும். அது ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். அவளுடைய எண்கள் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே வரும் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘ஜீரோ அக்கா’ என்று பேர்.

வேலையில் அவளுக்குப் பிடிப்பு இருந்தது. இரண்டு மழையாகக் கால்வாய் கரை மீறி ஊருக்குள் வந்திருந்தது. அவள் வீட்டிலேயே கட்டிலை மேசை மேல் ஏற்றி, அதன் மேல் மாமியாரை ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். கால்வாயின் நிஜமான அகலத்தைக் கண்டுபிடித்து, இரண்டு கரையிலும் ஐந்து மீட்டரைக் காலியாக விட்டு மரம் வைப்பதுதான் திட்டம். நல்ல காரியம் என்று அவள் மனசார நம்பினாள்.

பதினான்காம் தாளுக்கு நாலு புள்ளிகள் கிடைத்தன. ரயில்வே கேட், பள்ளிக்கூடத்தின் மூலை, பாலத்தின் கரையோர முனை. நாலாவது, கால்வாய்க் கரை வரிசை வீடுகளுக்குப் பின்னால் புதைந்து கிடந்த எல்லைக்கல். அதைத் தேடி எடுத்தவர் கோல்காரர். உச்சியில் கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரிக் கருவி வைத்த அளவைக் கோலைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் புள்ளி எடுக்கிறவர். அந்த வரிசையில்தான் அவர் வீடும். முழங்கால் சேற்றில் இறங்கி, கடப்பாரையால் தோண்டி, கல்லின் தலையைக் கழுவித் துடைத்து, அதன் மேல் கோலை நிறுத்தி அரைமணி நேரம் அசையாமல் நின்றதை அலுவலகத்துக்கு வந்து கதை கதையாகச் சொன்னார்.

நாலு புள்ளியும் வைத்ததும் எண் 4.60 என்று வந்தது. நாலும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிழையைப் பங்கு போட்டுக்கொண்டு நின்றன. எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டீம் லீடர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

“கல்லுதான் சார் இடிக்குதோ?”

“பின்னே? கல்லை ஜனங்க தள்ளி வச்சிருப்பாங்க. பாலம் நகருமா? கல்லைத் தூக்கிடு.”

தூக்கினாள். எண் 0.00 ஆனது. மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. மூன்று புள்ளி மட்டும் இருந்தால் சரியோ தப்போ கணினி பூஜ்யம்தான் காட்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்த பாடம் அது. அவளுக்கும் தெரியும். ஆனால் இன்னும் நாற்பது தாள்கள் வரிசையில் நின்றன. அவள் பதினைந்தாம் தாளைத் திறந்தாள்.

இரண்டு மாதம் கழித்து முழு வரைபடத்தையும் ஆள் உயரத்துக்கு அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். கால்வாய் நீலம், காலி செய்ய வேண்டிய பட்டை பச்சை. மேலிடத்துக் கையெழுத்து ஓரத்தில் பளபளத்தது. பேட்டரிகளைச் சார்ஜ் போட வந்த கோல்காரர் அதன் முன்னால் நின்றார்.

“எங்க வீடு எங்க தங்கச்சி? காணோமே.”

“நல்லாப் பாருங்கண்ணே. பாலத்துலேருந்து எண்ணுங்க.”

விரலை வைத்து எண்ணினார். “எண்ணிட்டேன். ஒன்பதாவது வீடு. தண்ணிக்குள்ள இருக்கு.” சிரித்தார். “வாசல்லயே மீன் பிடிக்கலாம் போல.”

அவளும் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தில் வந்தாள். வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். பாதி நீலத்தில், பாதி பச்சையில்.

“தண்ணி என்னைக்கும் இவ்வளவு தூரம் இருந்ததில்லை” என்றார் கோல்காரர். இப்போது சிரிப்பு இல்லை. “பாலத்து முனையை எங்க வச்ச?”

“இதோ, இங்கதான்.”

“இது புதுப் பாலம். பழசை இடிச்ச ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். பழசு குட்டை. இது முப்பது அடி ஜாஸ்தி. அந்தக் கரையில கிடங்கு மதில் இருக்கே, அதைத் தொடவே விடலை. அதனால நீட்டினதெல்லாம் எங்க பக்கம்.”

“பாலம் நகராதுன்னாங்களே அண்ணே.”

“நகரலை. வளந்துச்சு.”

அவளுக்குப் புரிந்தது. பழைய பாலத்தின் முனையைப் புதுப் பாலத்தின் முனையோடு சேர்த்துத் தைத்திருக்கிறாள். அதோடு கால்வாயும் முப்பது அடி நகர்ந்து வரிசை வீடுகளின் மேல் ஏறியிருக்கிறது. மென்று விழுங்கிப் பயனில்லை. சொல்லிவிட்டாள்.

“உங்க கல்லு இடிச்சுதுண்ணே. நான்தான் அதை எடுத்துட்டேன்.”

கோல்காரர் வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தக் கல்லையா எடுத்த?” என்றார். “அரைமணி நேரம் நின்னேன். கொசு கடிச்சுது, கையை எடுக்கலை.” பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சார்ஜ் போடாமலே போய்விட்டார்.

மறுநாள் காலை அவளுக்கு முன்பே வந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். கால்சட்டை தொடை வரை நனைந்திருந்தது. பழைய பாலத்தின் தூண் ஒன்றின் அடிப்பாகம் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறதாம். இறங்கி, தடவிப் பார்த்து, அதன் மேல் கோலை நிறுத்திப் புள்ளி எடுத்து வந்திருந்தார்.

“இது நகரலை, வளரலை. இதை வச்சுப் பாரு.”

புதுப் பாலத்தின் முனையை நீக்கி, கல்லைத் திரும்பச் சேர்த்து, தூணையும் சேர்த்தாள். நாலு புள்ளியும் கைகோத்துக்கொண்டு நின்றன. கால்வாய் தன் இடத்துக்குத் திரும்பியது. வரிசை வீடுகளில் தண்ணீர் படவில்லை, பச்சைப் பட்டை சில வீடுகளின் கொல்லையை மட்டும் தொட்டது. எதிர்க்கரையில் கிடங்கின் நீள மதிலும், அதை ஒட்டிய லாரி நிறுத்தமும் நீலத்துக்குள் நின்றன. எண் 0.40.

டீம் லீடர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. அவரும் வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு ஓடுகிறவர்தான்.

“நீ சொல்றது சரிம்மா. எனக்கே தெரியுது. ஆனா கையெழுத்தாகிப் போன தாளு. இதை மாத்தினா பக்கத்துத் தாளெல்லாம் ஓரம் ஒட்டாது. மேல கேக்க மாட்டாங்களா? போன தடவை ஜீரோன்னு கொடுத்தீங்க, இப்போ பாயிண்ட் நாப்பதுன்னு கொண்டுவர்றீங்கன்னு.”

“அந்த ஜீரோ பொய் சார். மூணு புள்ளியில எதுன்னாலும் ஜீரோதான் வரும்.”

“அதை நீ எனக்குச் சொல்லலாம். அவங்களுக்கு யார் சொல்றது?”

“நான் எழுதிக் கொடுக்கறேன். தப்பு என்னோடதுன்னே எழுதறேன்.”

வீட்டில் அவள் புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டான். “கல்லை எடுன்னு சொன்னது அவரு. பேரு மட்டும் உன்னோடதா?”

“எடுத்த கை என்னோடதுதானே.”

“உன்னைத் தூக்கிடுவாங்க.”

“தூக்கட்டும். அங்க இருபத்திரண்டு வீடு இருக்கு.”

அவள் கடிதத்தை இரண்டு முறை எழுதினாள். முதல் முறை எழுதியதில் மன்னிப்பு அதிகமாக இருந்தது.

வரிசை வீட்டுக்காரர்களுக்கு ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். இருபத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு மனுவையும் சரிபார்க்க, சுவரில் இருந்த அதே வரைபடத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்கள். ‘மனுதாரரின் வீடு கால்வாய் எல்லைக்குள் உள்ளது’ என்று இருபத்திரண்டிலும் ஒரே கையெழுத்தில் எழுதப்பட்டது.

அவள் கடிதத்துக்கும் பதில் வந்தது. ‘ஏற்கப்பட்ட வரைபடத்தின் பிழை 0.00. மாற்றாகக் காட்டப்பட்ட வரைபடத்தின் பிழை 0.40. பிழை குறைவான வரைபடமே ஏற்கத்தக்கது.’ கீழே இன்னொரு வரி இருந்தது. தவறை ஒப்புக்கொண்ட ஊழியரை வரைபடப் பணியிலிருந்து விடுவித்து, ஒப்பந்தம் முடியும் வரை களப்பணிக்கு அனுப்ப வேண்டும்.

களப்பணி என்றால், வரைபடத்தில் போட்ட கோட்டைத் தரையில் குறிப்பது. அவள் கையில் டேப்லெட், கோல்காரர் கையில் கோல். வேறு ஆள் இல்லை.

“நீங்க வர வேணாம்ணே. வேற யாரையாவது கேக்கறேன்” என்றாள் முதல் நாள்.

“வேற யாரு இருக்கா? நான் மாட்டேன்னா எனக்கு வேலை இல்லை. வா.”

கிடங்குப் பக்கம் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மதிலுக்கு வெளியே, தண்ணீரில் மூன்று முளைகள். காவல்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை. பிறகு வரிசை வீடுகளுக்கு வந்தார்கள். கோல்காரர் தெரிந்த முகங்களுக்கு நடுவே கோலைப் பிடித்துக்கொண்டு நடந்தார். புள்ளி விழுந்த இடத்தில் எல்லாம் குனிந்து சிவப்புப் பெயிண்ட் அடித்தார். மூன்றாவது வீட்டுப் பெண், “நீயே வந்து பூசுறியே, கை கூசலையா?” என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள். அவர் பெயிண்ட் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். டேப்லெட்டும் கையுமாக நின்ற அவளுக்கு அந்த இடத்திலேயே புதைந்துவிட்டால் தேவலை என்றிருந்தது.

ஒன்பதாவது வீட்டில் டேப்லெட்டின் அம்புக்குறி வாசலைத் தாண்டி உள்ளே காட்டியது. கோல்காரரின் மனைவி அடுப்படியில் இருந்தாள். அம்பு போன வழியே இருவரும் உள்ளே போனார்கள். அடுப்புக்கும் தண்ணீர்க் குடத்துக்கும் இடையில் கருவி செத்துப் போனது. தகரக் கூரைக்கு அடியில் அதற்கு வானம் தெரியவில்லை.

அவள் வெளியே வந்து டீம் லீடருக்குப் போன் செய்தாள். “சார், புள்ளி வீட்டுக்குள்ள விழுது. சிக்னல் இல்லை. டேப் வச்சு அளந்துக்கட்டுமா?”

“டேப்பெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கம்மா. கோல் நிக்கிற போட்டோ இல்லாம புள்ளி முடிஞ்சதுன்னு போட முடியாது.”

போனை வைத்துவிட்டுக் கோல்காரரிடம் வந்தாள். “அணுக முடியலைன்னு போட்டுடறேன்ணே. அதுக்கு ஒரு கட்டம் இருக்கு.”

“போடு. நாளைக்கு வேற எவனாவது வருவான். செருப்பைக்கூடக் கழட்டாம அடுப்பு மேல நிப்பான்.” அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். “அந்த ஸ்பானரை எடு.”

“அண்ணே, வேணாம்.”

“எடு தங்கச்சி.”

ஸ்டூலைப் போட்டு ஏறினார். போன மழைக்கு ஒழுகாமல் இருக்க அவரே முடுக்கிய திருகுகள். ஒவ்வொன்றாகக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டார். ஒரு தகரத்தைத் தள்ளியதும் வெயில் கட்டியாக உள்ளே விழுந்தது. அவர் மனைவி குடத்தை நகர்த்தினாள். பிறகு சட்டியை இறக்கி, அடுப்பையும் தள்ளி, கோல் நிற்க இடம் விட்டாள். இறங்கியவர் திருகுகளை வாயிலிருந்து எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அவற்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கோலை நீட்டிக் கூரை ஓட்டை வழியாக மேலே ஏற்றினார். டேப்லெட் ஒரு முறை கூவியது. “இன்னும் ஒரு சாண் அடுப்புப் பக்கம்ணே” என்றாள் திரையைப் பார்த்தபடி. அவர் ஒரு சாண் நகர்த்தினார். டேப்லெட் தொடர்ந்து கூவியது. திரையில் தூரம் 0.00.

அவள் டேப்லெட்டைத் தூக்கிப் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியதில் படம் மங்கியது. கோல்காரர் இரண்டு கையாலும் கோலைப் பிடித்துக்கொண்டு, அதன் நடுவில் இருந்த ரசமட்டத்தின் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுவுல வந்துடுச்சு” என்றார். “அசையாம நிக்கிறேன். எடு.”