மாற்றிய கருவிழிக்கு மூன்றாம் மாதச் சோதனை

நாற்காலியில் உட்கார்ந்ததும் பூச்சுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சுவர் பூசும்போது சுண்ணாம்பு தெறித்து இரண்டு கண்ணும் பாலாடை படிந்தாற்போல வெளுத்துப்போனவர். இறந்துபோன யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்த கருவிழியை மூன்று மாதத்துக்கு முன் அவருடைய வலது கண்ணில் வைத்துத் தைத்திருந்தார்கள். அன்று முதல் வாராவாரம் சோதனை. இன்றும் பார்வை சரியாக இருந்தால், வேலைக்குப் போகலாம் என்று கடிதம் தருவதாகப் பேச்சு.

மனைவி சுவரோரமாக நின்றாள். சோதிக்கிற பெண் அவருடைய இடது கண்ணை அட்டையால் மறைத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஏட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"மேலேருந்து வாசிங்கய்யா."

"ப, ட, ம, க, ர, ல..." கடகடவென்று ஒப்பித்தார்.

"அடேயப்பா, கண்ணா கழுகா! அடுத்த வரி?"

மனைவிக்கு வாயெல்லாம் பல். பெருமை தாங்காமல் எதிரே எழுத்துப் பலகை மாட்டும் வெளிச்சப் பெட்டியைப் பார்த்தாள்.

பெட்டியில் ஒரு வாத்து. அதன் கீழே குடை, மீன். சற்றுமுன் வந்துபோன குழந்தைக்காக மாட்டிய படப்பலகை. அதை யாரும் கழற்றவில்லை.

அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார்.

மூன்று மாதமாக வாசல் பெஞ்சில் காத்திருந்து, உள்ளே போனவர்கள் வாசித்ததையெல்லாம் காதில் வாங்கியிருக்கிறார். அத்தனையும் மனப்பாடம்! அவள் வாயைத் திறக்காவிட்டால் கடிதம் கைக்கு வந்துவிடும். நாளைக்கே சாரத்தில் ஏறிவிடுவார் மனிதர்.

"நிறுத்துங்கம்மா! அங்க எழுத்தே இல்ல. வாத்து நிக்குது!"

பெண் நிமிர்ந்தாள். பேனா நழுவி விழுந்தது.

"ஐயா... எத்தனை நாளா இப்படி?"

"போன வாரம் நல்லாத்தாம்மா தெரிஞ்சுது. நாலு நாளாத்தான் புகை மூட்டமா..." அவர் அட்டையை இறக்கினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"கடிதம் வாங்கப் போறோம்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கே. எந்த வாயால சொல்லுவேன்?"

டாக்டர் ஓடிவந்து கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். முகம் இறுகிவிட்டது.

"வச்ச கருவிழியை உடம்பு ஏத்துக்க மாட்டேங்குது. காப்பாத்திடலாம்னு இப்ப வாக்குக் கொடுக்க முடியாது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து. இப்பவே ஆரம்பிங்க."

நர்ஸ் நீட்டிய புட்டியை மனைவி வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். பூச்சுக்காரர் ஏதோ சமாதானம் சொல்ல வந்தார்.

"வாயை மூடுங்க," என்று அவர் தலையைப் பின்னுக்குச் சாய்த்தாள். "கண்ணைத் திறங்க."