இடப்பக்கம் உட்கார்ந்தவள்

ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், விளாடிவஸ்தோக் பக்கம் எங்கள் வண்டிகளெல்லாம் ஜப்பானில் ஓட்டித் தள்ளியவை. ஸ்டீயரிங் வலப்பக்கம், சாலையிலும் வலப்பக்கமே ஓட்டவேண்டும். முன்னே லாரி போனால் எதிரே வருவது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. இடப்பக்கம் இருப்பவர்தான் பார்த்துச் சொல்லவேண்டும். இருபது வருடமாக எனக்குச் சொன்னவள் என் மனைவி ரிம்மா.

அன்று அவளுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போகும் வழியில், மரம் ஏற்றிய லாரியொன்று முன்னால் பனியில் ஊர்ந்தது.

"ரிம்மா, எதிர்ல ஏதாவது வருதாடி?"

"ஒண்ணுமில்ல, போய்யா. மாடுகூட உன்ன முந்திரும்."

ஸ்டீயரிங்கைத் திருப்பப் போனவன் அவளைப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன. பழக்கத்தில் வாய் மட்டும் சொல்லியிருக்கிறது.

நான் முந்தவில்லை. லாரியின் பின்னாலேயே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் அவள் கை சில்லிட்டிருந்தது.

வழி நெடுக எதிரே ஒரு வண்டிகூட எங்களைக் கடக்கவில்லை.