ஒற்றைப்பல் பல்லி

கல்லுக்குள் கிடந்த மண்டையோட்டை ஊசியால் சுரண்டிச் சுரண்டி வெளியே எடுப்பதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. கடலோரப் பாறைச் சரிவில் கிடைத்தது. டைனோசர் காலத்தில் கடலில் நீந்திய ஏதோ ஒரு ஊர்வன விலங்கு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கண்குழி, ஆள் நீளத்துக்குத் தாடை. புது இனம்தான் என்று அருங்காட்சியகத்தில் எல்லோரும் நம்பினார்கள். அப்படியென்றால் ஆராய்ச்சி செய்த அவள்தான் பெயர் வைக்க வேண்டும்.

"உங்க பேரைத்தான் வைக்கப்போறேன் அத்தை," என்றாள் மாமியாரிடம். இவள் ஆய்வறையே கதியென்று கிடந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொண்டவர் அவர்.

"வாய் நிறையப் பல்லு வெச்சிருக்கறதுக்கு என் பேரா? நல்லாத்தான்டி பழி வாங்கறே!" என்றார். ஆனால் அன்றைக்கே பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டார்.

பெயரை அறிவிக்கும் முன், அதே சரிவில் முன்பு கிடைத்தவற்றையெல்லாம் அவள் ஒருமுறை பார்த்தாள். ஒரு இழுப்பறையில் ஒரே ஒரு பல். அடியில் முறிந்திருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் பெயர் சூட்டியிருந்தார்: ஹெனோடான்டோசாரஸ் இக்னோட்டஸ். யாரும் அறியாத ஒற்றைப்பல் பல்லி. அதன்பின் ஒரு எலும்புகூடக் கிடைக்காததால் பெயரையே மறந்துவிட்டார்கள்.

மண்டையோட்டின் மேல்தாடையிலும் ஒரு பல் முறிந்து, வேர் மட்டும் நின்றது. சும்மா வைத்துப் பார்ப்போமே என்று வைத்தாள்.

பொருந்தியது. மயிரிழை இடைவெளி இல்லை. வேரில் ஓடிய வரி பல்லிலும் தொடர்ந்து ஓடியது. கடல் மலையாகி, மலை உடைந்து, ஒரே வாயிலிருந்து பல் முதலில் வந்திருக்கிறது. வாய் இப்போதுதான் வருகிறது.

முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்பது விதி. மாமியாரை அழைத்துவந்து காட்டி, அவர் பெயரை வைக்க முடியாதென்று தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தாடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாக நடந்தார்.

"பாவம், பேர் வெச்சவருக்கு இந்த வாயைப் பாக்கக் கொடுத்து வைக்கலையே," என்றார். பிறகு, "தலையே இவ்வளவுன்னா, உடம்பு எங்கேம்மா?"

"இன்னும் பாறைக்குள்ளதான் இருக்கு அத்தை."

"எவ்வளவு நீளம் இருக்கும்?"

"தெரியலை," என்றாள்.