ஒளிக்கலை மன்றத்தின் மலைப் பயணம்

ஒளியை அடக்கியாளப் பிறப்பவர் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் என்று கல்வராயன் ஒளிக்கலை மன்றத்தின் நிறுவனத் தலைவர் அரங்கநாதன் ஆண்டு விழாவில் முழங்கினார். விழா கள்ளக்குறிச்சியில் அவருடைய வீட்டுக் கூடத்தில் நடந்தது. கேட்டவர் செயலாளர் பிச்சைமுத்து ஒருவர்தான். பஜ்ஜி தீர்ந்ததும் அவரும் கிளம்பிவிட்டார்.

தலைவரின் மனைவி மலர்விழி, பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று சென்னையில் மகள் வீட்டுக்குப் போனவர். அதற்குப் பிறகு இரண்டு பொங்கல் போய்விட்டது.

"தெனம் காலைல யாரோ எடுத்த பூ படத்தையே அனுப்பிக்கினு இருக்கீங்க. நீங்களா எடுத்தது ஒண்ணு அனுப்புங்க. நல்லா வந்திருந்தா பொங்கலுக்கு வர்றேன்" என்றார் போனில்.

"செல்லுல எடுக்கறது படமே இல்ல மலரு. அது ஜெராக்ஸ்."

அவரிடம் இருந்தது பழைய ஃபிலிம் கேமரா, ரேஞ்ச்ஃபைண்டர் வகை. மூலையில் இருக்கும் சின்னச் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் லென்ஸ் தன் வேலையைத் தனியாகச் செய்யும். "மத்த கேமராவுல லென்ஸ் காட்டறதத்தான் பாக்கணும். எனக்கு லென்ஸோட தயவு தேவையில்ல" என்பார். சன்னலுக்குள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். வளையத்தைத் திருகினால் இரண்டும் நகர்ந்து நகர்ந்து ஒன்றாகும். அந்த ஒரு நொடிக்காக மாலை முழுவதும் திருகிக்கொண்டிருப்பார். வீட்டில் பயிற்சிக்குக் கிடைத்தது மலர்விழியின் காலி நாற்காலி.

மலைப் பயணம் அறிவிக்கப்பட்டது. முந்தைய நாள், லென்ஸுக்கு வாங்கிய பித்தளை மூடியைப் பாத்திரக் கடைக்குக் கொண்டுபோய், குடத்துக்கு வெட்டுவதுபோல் மெஷினில் பெயர் வெட்டச் சொன்னார்.

"உபயம்னு போடணுமா சார்?" என்றார் கடைக்காரர்.

"நிறுவனத் தலைவர்னு போடுங்க."

பிச்சைமுத்துவுக்கு அன்று மச்சினன் வீட்டில் காதுகுத்து. ஆகவே மன்றம் முழுவதும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வெள்ளிமலை பஸ்ஸில் ஏறிப் போனது.

பெரியார் அருவியில் நல்ல வெயில். வானத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, கேமராவில் வெளிச்சத்துக்கான அளவை வைத்தார், வைத்தால் வைத்ததுதான். பாறை, தண்ணீர், ஈரத்துணி காயப்போட்ட குடும்பம் ஒன்று. இரண்டு குழந்தைகள் நான்காகத் தெரிந்து மறுபடியும் இரண்டானார்கள். பொத்தானை அழுத்தினால் பல்லி கொட்டுவதுபோல் மெல்லிய சத்தம். அடுத்த படத்துக்கு நெம்புகோலைத் தள்ளும்போது கட்டைவிரலுக்கு ஒரு சுகம். அந்தக் குடும்பம் சாப்பிட உட்கார்ந்தது. சோறு வேண்டுமா என்று யாரும் கேட்காததால், வேண்டாம் என்று பெருமையாகச் சொல்ல அவருக்கு வாய்ப்பில்லாமல் போனது.

திரும்பும்போது வெள்ளிமலையில் செல்லியம்மாளின் டீக்கடை.

"தனியாவா வந்தீங்க சார்?"

"மன்றமா வந்திருக்கோம்."

செல்லியம்மாள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மரவள்ளி மூட்டை ஏற்றிய லாரி மட்டும் நின்றது.

"அப்ப எத்தினி டீ போடட்டும்?"

"ஒண்ணு."

செல்லியம்மாளையும் பாய்லரையும் சேர்த்து எடுத்தார். அதோடு ஃபிலிம் முடிந்தது.

"எல்லாரயும் எடுத்துக்கினே இருந்தா உங்கள ஆரு எடுக்கறது? நில்லுங்க சார்." செல்லியம்மாள் தன் செல்லை நீட்டினார். கேமராவை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தொலைதூரத்தை நோக்கி நின்றார் தலைவர். அந்தப் படம் ஜெராக்ஸ்தான் என்றாலும், வாங்கி 'களத்தில்' என்று எழுதி மலர்விழிக்கு அனுப்பினார். பார்த்துவிட்டதாக நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. பஸ் மலை இறங்கிக் கச்சிராயபாளையம் வரும்வரை செல்லைத் திறந்து திறந்து பார்த்தார்.

ஃபிலிம் கூரியரில் சென்னை லேபுக்குப் போனது. மார்கழி பிறந்த பிறகு லேபிலிருந்து போன் வந்தது.

"ஒரு படம்கூட இல்ல சார். ஓரத்துல நம்பர்லாம் நல்லா வந்திருக்கு, கழுவுனதுல தப்பில்ல. ஃபிலிமுக்கு வெளிச்சமே போகல."

"வெளிச்சத்தப் பத்தி எனக்கே பாடமா?" என்று கத்திவிட்டு வைத்தார். உடனே மலர்விழியைக் கூப்பிட்டார்.

"முப்பத்தாறு படம் மலரு. அத்தனையும் லேப்காரன் நாசம் பண்ணிட்டான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது.

"அந்த டீக்கடை போட்டோவப் பெருசு பண்ணிப் பாருங்க. நான் அன்னிக்கே பாத்துட்டேன். சொன்னா எம்மேலதான் எரிஞ்சு வுழுவீங்கன்னு வுட்டுட்டேன்."

"பொங்கலுக்கு வர்ற இல்ல?"

"நல்லா வந்தாதான வர்றேன்னு சொன்னேன்? கொழந்தைக்கு வேற சளி ஜாஸ்தியா இருக்கு. வச்சிடறேங்க."

எதிரே நாற்காலி இருந்தது. அரங்கநாதன் செல்லில் படத்தைத் திறந்து, இரண்டு விரலால் விரித்தார். லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் பித்தளை மின்னியது. 'அரங்கநாதன், நிறுவனத் தலைவர்' என்று கண்ணாடி போடாமலே படிக்க முடிந்தது.