இராசம்மா சொன்ன வரிசை

இராசம்மா தேயிலைக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது ரேடியோவின் உயிரையும் கூடவே எடுத்துக்கொண்டு போவாள். பேட்டரிகளைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகி, அதன்மேல் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பள்ளி விடுமுறை, பதினைந்து வயது மகள் நீலாவதி வீட்டில் தனியாக இருக்கிறாள், மத்தியானம் கோலாலம்பூரிலிருந்து நேயர் விருப்பம் வரும். காதல் பாட்டுக்கூட ஒரு பக்கம் கிடக்கட்டும். தோட்டம் தோட்டமாக இளவட்டங்கள் கார்டு எழுதிப் போட, அறிவிப்பாளர் அம்மா அந்தப் பெயர்களையெல்லாம் இழைய இழைய வாசிக்கிறாளே, அதுதான் இராசம்மாவுக்கு ஆகவே ஆகாது. ஆம்பிளைப் பெயருக்கும் பொம்பிளைப் பிள்ளை பெயருக்கும் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லை. இதை எந்தத் தகப்பன் கேட்டுக்கொண்டு சோறு தின்பான்?

அவள் வீட்டுத் தகப்பன் தின்றான். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் வேலப்பனுக்கு இயந்திரச் சத்தத்துக்குப் பிறகு எல்லாச் சத்தமும் சங்கீதம்தான்.

"ஒம் பேரு மட்டும் ரேடியோவுல வரட்டும், அன்னிக்கே ஸ்கூல நிப்பாட்டி எம் பக்கத்து நிரையில கூடையோட நிக்க வெச்சிருவேன்" என்று மகளிடம் சொல்லி வைத்திருந்தாள் இராசம்மா. விளையாட்டுப் பேச்சில்லை. தொழிலாளர் குடியிருக்கும் அந்த லயத்தில் எந்தப் பெண்ணும் மூன்றாம் படிவப் பரீட்சையைத் தாண்டியதில்லை. நீலாவதி தேறிவிட்டாள், ஜனவரியில் நான்காம் படிவம். மகள் ஒருநாள் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைப்போல் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள் என்று இராசம்மா யாருக்கும் தெரியாமல் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். ஆசை எவ்வளவோ பயமும் அவ்வளவு.

தன் வீட்டு ரேடியோவை அடக்கிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்ததுதான் அவள் கெட்டிக்காரத்தனம். லயம் முழுக்க ரேடியோ இருந்தது.

ஒருநாள் மத்தியானம் கங்காணி பெண்சாதி வடிவம்மாள் கொழுந்து நிறுக்கும் இடம்வரை மேடேறி வந்தாள். புருஷனுக்குச் சோறு கொண்டுவரக்கூட ஏறாதவள். மூச்சு வாங்கினாலும் சேதியைக் கீழே போடவில்லை.

"இராசம்மா, ஒம் மக பேரு ரேடியோவுல வந்துச்சு. அடுத்த பேரு விஜயன்!"

"எந்த விஜயன்?"

"நம்ம தோட்டத்துல எத்தன விஜயன் இருக்கான்? லோரி விஜயன்லா!"

தோட்டத்து லோரி ஓட்டும் விஜயன், மூடுபனியிலும் கூலிங்கிளாஸைக் கழற்றாதவன். நிறுவைக்கு நின்ற பெண்கள் எல்லாரும் இராசம்மாவின் இடுப்பைப் பார்த்தார்கள். பேட்டரி விஷயம் ஊருக்கே தெரியும். தோட்டத்தில் அந்தப் பெயர்களைக் கேட்காத ஒரே வீடு அவளுடையதுதான்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டாள். நீலாவதி மறைக்கவில்லை.

"நான்தாம்மா கார்டு எழுதுனேன். பைப்படியில நின்னவங்க எல்லாரும் பேரு குடுத்தாங்க. நின்ன வரிசையிலயே எழுதிட்டேன். அவரு லோரிக்குத் தண்ணி புடிக்க எனக்குப் பின்னால நின்னாரு."

"பின்னால நின்னா? பக்கத்துல எழுதிருவியா?"

"எம் பேர ரேடியோவுல கேக்கணும்னு ஆசையா இருந்துச்சும்மா. அவ்வளவுதான்."

"நல்லாக் கேட்டுக்க. நாளைக்கு ஒனக்கும் ஒரு கூடை."

நீலாவதி எழுந்து போனாள். ஆணியில் தொங்கிய புதுப் பள்ளிச் சட்டையை எடுத்து, மடித்து, பெட்டிக்குள் வைத்தாள். அது இராசம்மாவின் ஆசையும்தான். ஆனாலும் சொன்ன சொல்லை எப்படி விழுங்குவது?

சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த வேலப்பன் வாயைத் திறந்தான். "தப்பு வரிசையிலதானே? நீயே வரிசை சொல்லி இன்னொரு கார்டு போடு. ஊரு அதையும் கேக்கட்டும். பேச்சு அடங்குனா ஸ்கூலு, அடங்காட்டி கூடை."

இராசம்மாவுக்கு இது நியாயமாகப் பட்டது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் உட்கார வைக்கிறவளைப்போலப் பெயர்களை உட்கார வைத்தாள். முதலில் நீலாவதி. அவளுக்குக் காவலாக மணியம்மா, சீதா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள். அப்புறம் தகப்பன் வேலப்பன்.

"லோரிக்காரர விட்டுரலாமாம்மா?"

"விட்டா அதுவே ஒரு கதையாயிரும். கடைசியில போடு. அவனுக்கு முன்னால எம் பேரப் போடு. என்னத் தாண்டி எவன் வர்றான்னு பாக்குறேன்."

இரண்டு வாரம் போல ஆயிற்று. பேட்டரி ரேடியோவுக்குள்ளேயே கிடந்தது. ஒருநாள் மழை கொட்டி, அரை நாளோடு வேலை நின்றது. இராசம்மா வீட்டு ரேடியோவைச் சுற்றி லயத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வடிவம்மாள் எல்லாருக்கும் முன்னால்.

வந்துவிட்டது. கேமரன் மலையிலிருந்து நீலாவதி, மணியம்மா, சீதா, வேலப்பன்... அறிவிப்பாளர் அம்மா அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு, "இராசம்மா, விஜயன்" என்றாள்.

தன் பெயரைக் கேட்டதும் இராசம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷமாக அந்தப் பெயரை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், கொழுந்தில் காம்பு கிடக்கிறதென்று திட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு எழுத்துக்கூட விழுங்காமல், அன்பாக, யாரும் அதைச் சொன்னதே இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அது ஒரு நொடிதான். காதலனும் காதலியும் மாறி மாறிப் பாடும் பாட்டு ஆரம்பமானது, வீடு சிரிப்பில் அதிர்ந்தது. மகளுக்கும் விஜயனுக்கும் நடுவில் தன் பெயரைச் சுவராகக் கட்டியவள் அதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை மறந்துவிட்டாள்.

மறுநாள் மலையில் லோரி ஹாரன் கேட்டபோதெல்லாம் பெண்கள் அவளைக் கூப்பிட்டு லோரி வருகிறதென்று சொன்னார்கள். விஜயன் தூரத்திலேயே லோரியை நிறுத்தி, முதல்முறையாகக் கூலிங்கிளாஸைக் கழற்றினான். "அக்கா, சத்தியமா நான் ஒன்னும் எழுதலக்கா!" என்று கத்திவிட்டு ஏறிப் போய்விட்டான். அந்தச் சத்தியத்தில், ரேடியோவில் கேட்காமல் இருந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டார்கள்.

ஃபேக்டரியிலும் வேலப்பனை விட்டுவைக்கவில்லை. அவன் வந்து காலைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ரூல் எல்லாருக்கும் ஒன்னுதானே ராசம்மா? பேரு வந்தா கூடை தூக்கணும்னு சொன்னே. நீதான் ஏற்கனவே தூக்குறியே. இனி ஒனக்கு என்னத்தத் தூக்கக் குடுக்கறது?"

அவள் கரண்டியை ஓங்கினாள். ஓங்கிய கையோடு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால், நீலாவதி சிரிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு அடங்கவில்லை, அப்படியென்றால் கூடைதான் என்று அந்தப் பிள்ளை முடிவே கட்டிவிட்டது.

இராசம்மா ஓங்கிய கரண்டியை இறக்கினாள். பக்கத்துப் பெயரோடு தனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. அதைத் தன்னைவிட யாருக்குத் தெரியும்? பெயரைக் கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான். இதைத்தான் மகள் அன்றைக்கே ஒரு வரியில் சொன்னாள்.

"அந்தச் சட்டைய எடு, மடிப்புத் தெரியும்" என்றாள். "நல்லாத் தேய்க்கணும்."

பள்ளி திறந்த அன்று மகளைப் பஸ் ஏற்ற அவளே போனாள். அங்கே வடிவம்மாள் நின்றிருந்தாள்.

"இவ்வளவு பேச்சுக்கு அப்புறமும் அனுப்புறியா?"

"அனுப்புறேன். பேசுறவங்க பேசட்டும். எம் பேரச் சொன்னப்ப எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு."

பஸ் வந்தது. நீலாவதி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டினாள். பஸ் வளைவில் மறையும்வரை வடிவம்மாள் காத்திருந்தாள். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு நெருங்கி வந்தாள்.

"ஒம் மக அடுத்த கார்டு எப்ப எழுதுவா? எம் பேரையும் போடச் சொல்லு. யாருக்குப் பக்கத்துல வந்தாலும் பரவால்ல."