அரை வயிற்றுப் பிள்ளை

ரேகா ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் டாக்டர் ஃப்ளோரா அவளுடைய அம்மாவைக் கூப்பிட்டு, பெண் பிறந்தபோது என்ன எடை என்று கேட்டார்.

"ரெண்டு கிலோகூட இல்ல டாக்டரம்மா. மீன் தராசுலதான் வெச்சுப் பாத்தோம். புள்ளையா எறாவான்னு குப்பமே சிரிச்சுது" என்றாள் செல்லம்மா. சொல்லும்போது ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

குறைமாதமா என்று கேட்டுக்கொண்டே டாக்டர் எழுதினார்.

"இல்ல, மாசம் ரொம்பித்தான் பொறந்துச்சு. நான்தான் வயித்தக் கட்டினேன்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

இரண்டாயிரத்து நான்காம் வருஷம் அது. ரேகாவுக்கு இருபத்துநாலு வயது, இப்போது நாலு மாதக் கர்ப்பம். முந்தின வருஷம் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே போய்விட்டது. மாசத்துக்கு மீறின எடை, தொடையெல்லாம் மடிப்பு. அதன் பிறகுதான் ரேகாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே மாமியார் பட்டம்மாள் வாசலில் நின்று சொன்னாள்: "கட்டிலு குடுத்தாங்க, பீரோ குடுத்தாங்க, சக்கரையயும் சீரா அனுப்பிச்சுட்டாங்க." செல்லம்மாவும் விடவில்லை. எங்கள் வம்சத்தில் ஒருத்தருக்கும் அந்த வியாதி கிடையாது, உன் பிள்ளை வாங்கிக் கொடுத்த பரோட்டாவில் வந்தது என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை.

டாக்டர் கேட்கக் கேட்க, செல்லம்மா பழைய கதையைச் சொன்னாள். ரேகாவுக்கு முன்னால் ஒரு பையன். நல்ல வாட்டசாட்டமான பிள்ளை. தோள் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் வலி. வந்தபோது மூச்சில்லை. அடுத்ததற்கு மருத்துவச்சி வழி சொன்னாள். ஏழாம் மாதத்திலிருந்து சோற்றைப் பாதியாக்கு, பிள்ளை சின்னதாக இருந்தால் சுளுவாக நழுவி வந்துவிடும். குப்பத்தில் எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள், செல்லம்மா மட்டும் ஐந்தாம் மாதமே ஆரம்பித்துவிட்டாள். புருஷன் திருமலை கடலிலிருந்து வஞ்சிரத் துண்டாகப் பார்த்துக் கொண்டு வருவான். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவாள். காலையில் நீராகாரம், மதியம் ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்.

"உங்க தப்புன்னு சொல்லலம்மா" என்று ஆரம்பித்தார் டாக்டர்.

அப்படி ஆரம்பித்தால் என்ன வரும் என்பது செல்லம்மாவுக்குத் தெரியும்.

"ஹார்பர்ல கூலி வேலைக்கு ஆள் எடுப்பாங்க, பாத்திருப்பீங்க. ஆளுங்க நெறைய இருப்பாங்க. ஆனா இன்னிக்கு யார் எறங்கணும், யார் உக்காரணும்னு மேஸ்திரி சொல்லுவாரு. உடம்புலயும் அப்படித்தான். மரபணுங்கறது ஆளுங்க. அது அப்பா அம்மா குடுத்தது, மாறாது. ஆனா எது வேலை செய்யணும், எது சும்மா இருக்கணும்னு கருவுலயே ஒரு வழக்கம் விழுந்துடும். உள்ள சோறு கம்மியா வந்தா, வெளியயும் பஞ்சம்தான்னு அந்த உடம்பு நெனச்சுக்கும். கெடைச்சத சேத்து வெக்கறவங்கள எழுப்பும், சக்கரைய செலவு பண்றவங்கள உக்கார வெச்சுடும். அப்புறம் வெளிய வந்து நல்லா சாப்பிட்டாலும் அந்த வழக்கம் லேசுல மாறறதில்ல."

இது மட்டும்தான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது, இப்போதுதான் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார்கள் என்றும் டாக்டர் சொன்னார். அது செல்லம்மாவின் காதில் ஏறவில்லை.

"இப்போ உள்ள கீற புள்ளைக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

"அதுக்கும் இப்பதான் அந்த வழக்கம் விழுந்துகிட்டிருக்கு. வேளைக்கு இன்சுலின் ஊசி, வேளைக்குச் சாப்பாடு. பட்டினி மட்டும் கூடவே கூடாது."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ரேகா, டாக்டர் அவ்வளவு நேரம் என்ன சொன்னார் என்று கேட்டாள். வேளாவேளைக்குச் சாப்பிடணுமாம் என்றாள் செல்லம்மா. அதுவும் பொய் இல்லை.

ரேகாவின் புருஷன் திலீப் விசைப்படகில் போனால் வருவதற்குப் பத்து நாள் ஆகும். அதனால் செல்லம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, குளித்துவிட்டு, மதியம் ரேகா வீட்டுக்குக் கேரியரில் சோறு கொண்டு வந்து வைத்துவிட்டுப் போவாள். டாக்டர் சொன்ன அளவுக்குச் சோறு, கீரை, நெத்திலிக் குழம்பு. சாயங்காலம் கேரியர் கழுவித் தயாராக இருக்கும். பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று அவளுக்கு நிம்மதி.

அடுத்த மாதம் எடை பார்த்தார்கள். ஏறவே இல்லை, ஒரு கிலோ குறைந்திருந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, எடை குறைந்தது மனசை அரிக்க, சோறு வைத்துவிட்டுப் போன செல்லம்மா அரை மணி நேரத்திலேயே திரும்பி வந்தாள். வீட்டில் ரேகா இல்லை. பின்னால், கடலுக்குத் தடுப்பாகக் கொட்டியிருந்த கருங்கல்மேல் நின்று, கேரியர் சோற்றை நாய்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவை அந்த நேரத்துக்குப் பழகியவை போல வரிசையாக நின்றன.

செல்லம்மா கூப்பிட்டாள். திரும்பியவளின் முகமெல்லாம் வேர்வை. கை நடுங்கிக் கேரியர் கல்லில் விழுந்தது. என்னவோ சொன்னாள், நாக்கு குழறியது. ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு இருந்திருக்கிறாள். செல்லம்மா அவளைத் தாங்கி உள்ளே கொண்டு வந்து, சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்து ரேகாவின் கண்ணில் தெளிவு வந்தது.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"துன்னாதானம்மா சக்கர ஏறுது. துன்னாங்காட்டி ஏறாதுல்ல." ரேகா சுவரைப் பார்த்துச் சொன்னாள். "போன தபா அவ்ளோ பெரிய புள்ள, கைல தூக்கக்கூட முடில. இது சின்னதா இர்க்கட்டும். எறா மாதிரி இர்ந்தாலும் சரி, உசுரோட வந்தா போதும். நீ என்னிய அப்படித்தான பெத்த?"

செல்லம்மா தரையில் உட்கார்ந்தாள். டாக்டரிடம் கேட்டதிலிருந்து ஒரு மாதமாக நெஞ்சுக்குள் வைத்திருந்தது. சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தாள். சொன்னால் மகள் போய்விடுவாள், சொல்லாவிட்டால் உள்ளே இருக்கிற பிள்ளை போய்விடும்.

சொன்னாள். செத்துப் பிறந்த அண்ணனைச் சொன்னாள், மருத்துவச்சியைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்குப் போன வஞ்சிரத்தைச் சொன்னாள். டாக்டர் சொன்ன மேஸ்திரிக் கதையைத் தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள். சர்க்கரை உன் அப்பன் வழியில் வரவில்லை, பரோட்டாவிலும் வரவில்லை, நான் போட்ட பட்டினியில் வந்தது என்றாள். அதையே நீ இப்போது உன் பிள்ளைக்குச் செய்கிறாய் என்றாள்.

வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"நான் உள்ள ஒதச்சேனா?"

"ஒதச்ச."

"எப்போ?"

"சாய்ங்காலம் ஆனா ஜாஸ்தியா ஒதப்ப."

"நீ இன்னா பண்ணுவ?"

"தண்ணி குடிச்சிட்டு ஒருக்களிச்சுப் படுத்துப்பேன். அடங்கிடுவ."

ரேகா தன் வயிற்றைப் பார்த்தாள். பிறகு எழுந்து, மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். பானையில் காலையில் வடித்த சோறு இருந்தது. தட்டில் போட்டு, குழம்பின் மிச்சத்தை ஊற்றிக்கொண்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சாப்பிட்டாள். இடையில் அழுகை வந்தது. நிறுத்தினாள், மறுபடி சாப்பிட்டாள். செல்லம்மா எழுந்து தண்ணீர் மொண்டு வைத்தாள். ரேகா அதைத் தொடவில்லை.

"நாளைலேர்ந்து நானே ஆக்கிக்கறேன். நீ கொண்டாராத."

"துன்னுவியா?"

"துன்னுவேன்."

"ஊசி போட்ட ஒடனே?"

"துன்னுவேன்னு சொல்றேன்ல. நீ போம்மா."

பிறகு எப்போது வரட்டும் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. செல்லம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். தெருக்குழாயில் பட்டம்மாள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்; உள்ளே பேசியது அவள் காதில் விழுந்திருக்கும். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவளாகவே வாயைத் திறந்தாள்.

"துன்னாளா?"

"துன்னா. தட்டுல ஒண்ணும் வெக்கல" என்று சொல்லிவிட்டு, செல்லம்மா நிற்காமல் நடந்தாள்.